உள்ளூர்க் குளிர்பானங்களும் நிறுவனக் கையகப்படுத்தலும்

ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தையோ அதன் வணிகப் பெயர்களையோ விலைக்கு வாங்கித் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவருவது கையகப்படுத்தல் எனப்படும். இந்தியக் குளிர்பானத் துறையில் 1993ஆம் ஆண்டு நிகழ்ந்த கையகப்படுத்தல் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டாகும். அந்த ஆண்டில் பார்லே நிறுவனத்தின் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட், சிட்ரா, மாஸா ஆகிய பெயர்களை அமெரிக்காவின் கோக்ககோலா நிறுவனம் வாங்கியது. அவற்றுள் சில இன்றும் கடைகளில் கிடைக்கின்றன; சில மறைந்துவிட்டன. இங்கிலாந்தின் மரபு பியர்களுக்கும் ஏறத்தாழ இதே கதை நடந்திருக்கிறது.

ஒரு பானத்தின் பெயர் விற்கப்பட்டால் அதன் சுவையும் தரமும் என்னவாகின்றன? ஏன் ஒரு பானம் பிழைக்கிறது, இன்னொன்று அழிகிறது? தமிழ்நாட்டு அனுபவத்தை முன்வைத்து இக்கட்டுரை இதை விளக்குகிறது.

சோடாவின் பிறப்பு

குளிர்பானத்தின் வரலாறு ஒரு பியர் ஆலையில் தொடங்குகிறது. 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பியர் ஆலை ஒன்றின் அருகே வசித்த ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் அறிவியலாளர், நொதிக்கும் பியர்த் தொட்டியின் மேல் ஒருவகை வளிமம் தேங்கி நிற்பதைக் கவனித்தார். அதுவே கரியமில வாயு, அதாவது கார்பன் டை ஆக்சைடு. அந்த வளிமத்தில் நீரைப் பிடித்துக் கலந்தபோது நுரைக்கும் இன்சுவை நீர் கிடைத்தது. இதுவே சோடாவின் தொடக்கம்.

நீரில் வளிமத்தைக் கரைப்பது எளிது. அதை வெளியேறாமல் அடைத்து வைப்பதுதான் கடினம். 1872இல் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் இதற்கு ஒரு பாட்டிலை வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார். பாட்டிலின் கழுத்தில் ஒரு கண்ணாடிக் கோலி, அதற்கு மேலே ஒரு ரப்பர் வளையம். உள்ளே இருக்கும் வளிமத்தின் அழுத்தமே கோலியை மேலே தள்ளி வாயை அடைத்துவிடும். நாம் கோலி சோடா என்று அழைப்பது இந்தப் பாட்டிலைத்தான். இங்கிலாந்தில் அது வழக்கொழிந்த பின்னும் தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகள் புழக்கத்தில் இருந்தது.

ஊர்தோறும் சோடாக் கம்பெனி

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே தமிழகத்தின் சிறு நகரங்களில் சோடாக் கம்பெனிகள் தோன்றின. பெரிய முதலீடு வேண்டியதில்லை. கிணற்று நீர், சர்க்கரைப் பாகு, எசன்ஸ், வளிம உருளை, கையால் சுழற்றும் எந்திரம், திரும்பி வரும் பாட்டில்கள் ஆகியவை போதும். பன்னீர் சோடா, ஜிஞ்சர், ஆரஞ்சு, திராட்சை எனப் பல சுவைகள் இருந்தன. நிறம் சேர்த்த இனிப்புச் சோடாவை மக்கள் ‘கலர்’ என்றே அழைத்தார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் ‘கலர் குடிக்கிறீங்களா?’ என்று கேட்பது ஒரு மரியாதை.

இவற்றுள் சில நிறுவனங்கள் ஊர் எல்லையைத் தாண்டி வளர்ந்தன. விருதுநகரில் 1916இல் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க் அவற்றுள் முதன்மையானது. 1950களின் இறுதியில் இந்நிறுவனம் அறிமுகப்படுத்திய பொவன்டோ, திராட்சை மணம் கலந்த தனிச் சுவையால் தமிழ்நாட்டின் அடையாளப் பானங்களுள் ஒன்றானது. மதுரையில் மாப்பிள்ளை விநாயகர் நிறுவனத்தின் பானங்களுக்கும் தனி வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

இந்தப் பானங்கள் அனைத்துக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. தயாரிக்கும் இடத்துக்கும் குடிக்கும் இடத்துக்கும் இடையே உள்ள தூரம் குறைவு. காலையில் நிரப்பிய பாட்டில் ஓரிரு நாளில் காலியாகித் திரும்பிவிடும். இந்தத் தூரக் குறைவே அவற்றின் சுவைக்கும் ஒரு காரணம். குறையும் அதிலேயே இருந்தது. ஊர் நீர் நன்றாக இருந்தால் சோடாவும் நன்றாக இருக்கும். நீர் கெட்டால் சோடாவும் கெடும். கழுவும் முறையும் எசன்ஸின் தரமும் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபட்டன. ஆகவே பழைய உள்ளூர்ப் பானங்கள் எல்லாமே தரமானவை என்று சொல்லிவிட முடியாது.

1977: ஒரு வெளியேற்றமும் ஒரு வாய்ப்பும்

கோக்ககோலா 1950 முதல் இந்தியாவில் விற்பனையாகி வந்தது. 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியக் கிளைகளில் தம் பங்கை 40 விழுக்காடாகக் குறைக்க வேண்டும் என்றது. 1977இல் ஜனதா அரசில் தொழில்துறை அமைச்சராக இருந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ் இதை வலியுறுத்தினார். பங்கைக் குறைத்தால் கான்சன்ட்ரேட் எனப்படும் மூலச்சாற்றின் இரகசியத்தையும் பகிர வேண்டிவரும் என்பதால், கோக்ககோலா நாட்டை விட்டு வெளியேறியது.

காலியான இடத்தை நிரப்பப் பலர் முன்வந்தனர். அரசு நிறுவனமான மாடர்ன் ஃபுட் இண்டஸ்ட்ரீஸ், ஆண்டின் எண்ணையே பெயராக்கி ‘டபுள் செவன்’ என்னும் பானத்தை வெளியிட்டது. முன்பு கோக்ககோலாவைப் பாட்டிலில் நிரப்பி வந்த டில்லியின் பியூர் டிரிங்க்ஸ் குழுமம் கேம்பா கோலாவைக் கொண்டுவந்தது. மும்பையின் பார்லே நிறுவனம் 1977இல் தம்ஸ் அப்பை அறிமுகப்படுத்தியது. அதனிடம் ஏற்கெனவே கோல்ட் ஸ்பாட் என்னும் ஆரஞ்சுப் பானம் இருந்தது. 1980களில் இந்தியச் சந்தையின் பாதிக்கும் மேற்பட்ட பகுதி பார்லேயின் கையில் இருந்தது.

1993: என்ன விற்கப்பட்டது?

1990இல் பெப்சி ‘லெகர் பெப்சி’ என்னும் பெயரில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகு, 1993இல் கோக்ககோலாவும் திரும்பியது. அதே ஆண்டில் பார்லேயின் தலைவர் ரமேஷ் சௌகான் தம் பானப் பெயர்களைக் கோக்ககோலாவுக்கு விற்றார். விலை ஏறத்தாழ 6 கோடி டாலர் எனப் பரவலாகக் குறிப்பிடப்படுகிறது. அடுத்த ஆண்டு, 1889 முதல் இயங்கிவந்த மும்பையின் டியூக்ஸ் நிறுவனத்தைப் பெப்சி வாங்கியது.

கோக்ககோலாவுக்கு ஆரஞ்சுப் பானம் செய்யத் தெரியாதா? தெரியும்; ஃபேண்டா அதனிடமே இருந்தது. எலுமிச்சைச் சுவைக்கு ஸ்பிரைட் இருந்தது. கோலாவைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதற்குத் தேவைப்பட்டது பார்லேயின் பானம் அன்று, பார்லேயின் வழித்தடம். நாடு முழுவதும் பரவியிருந்த பாட்டில் நிரப்பும் ஆலைகள், புழக்கத்தில் இருந்த கண்ணாடிப் பாட்டில்கள், கடைகளுக்குச் செல்லும் வண்டிகள், கடைக்காரர்களுடன் இருந்த உறவு ஆகியவற்றைப் புதிதாக உருவாக்கப் பல ஆண்டுகள் ஆகும். விலைக்கு வாங்கினால் ஒரே நாளில் கிடைத்துவிடும்.

பழவேற்காடு ஏரியில் மீன்பிடிப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். அங்கே ‘பாடு’ என்னும் மரபு முறை உண்டு. ஏரியின் இறால் பிடிக்கும் இடங்கள் குறிப்பிட்ட மீனவக் குடும்பங்களுக்கு முறைவைத்துப் பகிர்ந்தளிக்கப்படும். ஒருவரிடம் எவ்வளவு நல்ல வலை இருந்தாலும் பாட்டு உரிமை இல்லாவிட்டால் அந்த இடத்தில் வலை கட்ட முடியாது. குளிர்பானத் தொழிலில் பானம் என்பது வலை. வழித்தடம் என்பது பாடு. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஏரியில் பாடு கைமாறிக்கொண்டே இருக்கும், எல்லாருக்கும் முறை வரும். சந்தையில் விற்ற பாடு திரும்பி வருவதில்லை.

வாங்கப்பட்ட பானங்களின் மூன்று விதிகள்

முதல் விதி: நிறுத்தப்படுதல். வாங்கியவரின் சொந்தப் பானத்துக்குப் போட்டியாக இருக்கும் பானம் மெல்ல மெல்லக் கைவிடப்படும். ஃபேண்டாவுக்கு இடம் தருவதற்காகக் கோல்ட் ஸ்பாட் படிப்படியாக விலக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டை ஒட்டிச் சந்தையிலிருந்து மறைந்தது. சிட்ராவின் இடத்தை ஸ்பிரைட் பிடித்தது. ஒரு பானத்தின் தரம் குறைந்து மக்கள் அதை ஒதுக்குவது வேறு. விற்கும்போதே அது விலக்கப்படுவது வேறு. கோல்ட் ஸ்பாட்டுக்கு நேர்ந்தது இரண்டாவது.

பழவேற்காட்டுப் பகுதியில் ஆசிரியராக இருந்த இக்கட்டுரையாளருக்கு இதில் ஒரு அனுபவம் உண்டு. ஒருமுறை வகுப்பில் வணிகப் பெயர்கள் பற்றிச் சொல்லும்போது கோல்ட் ஸ்பாட் என்று கரும்பலகையில் எழுதினேன். நாற்பது பிள்ளைகளில் ஒருவருக்கும் அது என்னவென்று தெரியவில்லை. அவர்களின் பெற்றோர் அனைவரும் அதைக் குடித்து வளர்ந்தவர்கள். மறுநாள் ஒரு மாணவி வந்து, ‘எங்க அம்மா கல்யாணத்துல அதத்தான் கொடுத்தாங்களாம் சார்’ என்றாள். புத்தகம் நின்றுபோனால் நூலகத்தில் ஒரு படி இருக்கும். பானம் நின்றுபோனால் அதைச் சுவைத்துப் பார்க்க வழியே இல்லை.

இரண்டாம் விதி: பிழைத்து வளர்தல். தம்ஸ் அப்புக்கும் முதலில் நல்ல காலம் இல்லை. கோக்ககோலா தன் சொந்தக் கோலாவையே முன்னிறுத்தியது. ஆனால் தம்ஸ் அப்பின் காரமான, வளிமம் மிகுந்த சுவைக்குப் பழகியவர்கள் மாற மறுத்தார்கள். அதைக் கைவிட்டால் அவர்கள் பெப்சிக்குப் போகக்கூடும் என்ற நிலையில், நிறுவனம் தம்ஸ் அப்பை மீண்டும் விளம்பரப்படுத்தியது. 2021இல் அதன் ஆண்டு விற்பனை 100 கோடி டாலரைத் தாண்டியதாக நிறுவனம் அறிவித்தது. ஆகவே கையகப்படுத்தல் எப்போதும் அழிவைத் தரும் என்று கூறுவது சரியன்று. குடிப்பவர்கள் பிடிவாதமாக இருந்தால் வாங்கியவரின் திட்டமும் மாறும்.

மூன்றாம் விதி: பெயர் மட்டும் மறுபிறவி எடுத்தல். பல ஆண்டுகள் ஒடுங்கிக் கிடந்த கேம்பா கோலாவின் பெயரை 2022இல் ரிலையன்ஸ் குழுமம் வாங்கி, 2023இல் மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதே 2023இல் சூரத் நகரின் நூற்றாண்டுப் பழைமையுடைய சோசியோ நிறுவனத்தில் பாதிப் பங்கையும் வாங்கியது. வாங்குபவர் வெளிநாட்டு நிறுவனமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பழைய பெயரோடு மக்களுக்கு இருக்கும் நினைவும் ஒரு விலைபொருளே.

இங்கிலாந்து பியரின் எடுத்துக்காட்டு

இதே மூன்று விதிகளையும் இங்கிலாந்தின் மரபு பியர்களிடம் காணலாம். அங்கே மரபு பியர் ‘கேஸ்க் ஏல்’ எனப்படும். பீப்பாயில் அடைத்த பிறகும் அதில் உயிருள்ள ஈஸ்ட் இருக்கும், நொதித்தல் தொடரும். வளிமத்தை வெளியிலிருந்து செலுத்துவதில்லை. பீப்பாயைத் திறந்த சில நாட்களில் தீர்த்துவிட வேண்டும். நம் ஊர்ச் சோடாவைப் போல அதுவும் குறைந்த தூரத்துக்கான பானம்.

1950களிலிருந்து பெரிய நிறுவனங்கள் ஊர்ப்புற பியர் ஆலைகளை வரிசையாக வாங்கின. 1970களில் ஆறு பெரிய நிறுவனங்களே அந்நாட்டுச் சந்தையின் பெரும்பகுதியை ஆண்டன. அவர்களுக்கு நாடு முழுவதும் ஒரே சுவையில் அனுப்பக்கூடிய பியர் தேவைப்பட்டது. எனவே வடிகட்டி, சூடாக்கிக் கிருமி நீக்கி, கரியமில வாயுவைச் செலுத்தி உலோகக் கலனில் அடைக்கும் ‘கெக்’ முறையை முன்னிறுத்தினர். அது எளிதில் கெடாது. ஆனால் ஈஸ்ட் தரும் நுண்ணிய சுவை அதில் இல்லை. இதை எதிர்த்து 1971இல் காம்ரா என்னும் நுகர்வோர் இயக்கம் தோன்றியது. கேஸ்க் ஏல் இன்றும் பிழைத்திருப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

மான்செஸ்டர் நகரின் பாடிங்டன்ஸ் பியர் நல்ல எடுத்துக்காட்டு. 1778இல் வேர்கொண்ட அந்த ஆலை 1989இல் விட்பிரெட் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2000இல் விட்பிரெட்டின் பியர்த் தொழிலைப் பெல்ஜியத்தின் இண்டர்புரூ வாங்கியது. 2005இல் மான்செஸ்டர் ஆலை மூடப்பட்டது. 2012இல் கேஸ்க் வகையும் நிறுத்தப்பட்டது. டப்பாவில் பெயர் மட்டும் மிஞ்சியது.

சுவை எவ்வாறு மாறுகிறது?

‘பழைய சுவை இல்லை’ என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்போம். நினைவை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது. பத்து வயது நாக்கும் அறுபது வயது நாக்கும் ஒன்றல்ல. ஆனால் சுவையை மாற்றக்கூடிய காரணங்கள் தெளிவாகவே உள்ளன.

1. நீர்: குளிர்பானத்தில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நீரே. ஆலை இடம் மாறினால் நீரும் மாறும். பெரிய ஆலைகள் நீரிலுள்ள உப்புகளை நீக்கி எல்லா ஊரிலும் ஒரே மாதிரி ஆக்குகின்றன. இதனால் பாதுகாப்பு கூடும். ஊர்த் தனித்தன்மை மறையும்.

2. கலன்: கண்ணாடி வழியே வளிமம் கசியாது. பெட் பிளாஸ்டிக் வழியே கரியமில வாயு மெல்ல வெளியேறும். பாட்டில் சிறியதாக இருந்தால் இந்த இழப்பு விரைவில் தெரியும்.

3. வெப்பம்: குளிர்ந்த நீரில் வளிமம் நன்கு கரைந்திருக்கும், சூடேறினால் வெளியேறும். நீண்ட பயணமும் வெயிலும் பானத்தின் உறைப்பைக் குறைக்கும்.

4. மூலப்பொருள்: விலை, சட்டம், உடல்நலக் கருத்துகள் ஆகியவற்றால் சேர்மானங்கள் மாறும். எலுமிச்சை, ஆரஞ்சுப் பானங்களுக்குக் கலங்கல் தோற்றம் தரப் பயன்பட்ட புரோமின் சேர்த்த தாவர எண்ணெய் இந்தியாவில் 1990இல் தடைசெய்யப்பட்டது. இது 1993 விற்பனைக்கு முன்பே நடந்தது. ஆகவே எல்லா மாற்றத்துக்கும் கையகப்படுத்தலே காரணம் என்று கருதக்கூடாது.

பெரிய நிறுவனம் என்றால் பாதுகாப்பு உறுதி என்பதும் முழு உண்மையன்று. 2003 ஆகஸ்டில் டில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பன்னாட்டு நிறுவனங்களின் 12 பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சங்கள் இருப்பதாக அறிவித்தது. 2004இல் நாடாளுமன்றக் கூட்டுக் குழு அந்தக் கண்டறிதலை ஏற்றது.

தமிழ்நாட்டில் எதிர்வினை

2017 சனவரியில் நடந்த சல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது பன்னாட்டுக் குளிர்பானங்களைப் புறக்கணிக்கும் குரல் எழுந்தது. தாமிரபரணி ஆற்று நீரைக் குளிர்பான ஆலைகளுக்குத் தருவது குறித்த எதிர்ப்பும் அப்போது வலுவாக இருந்தது. மாநிலத்தின் வணிகர் சங்கக் கூட்டமைப்புகள் 2017 மார்ச்சு 1 முதல் கோக், பெப்சி நிறுவனங்களின் பானங்களை விற்பதில்லை என்று அறிவித்தன. பொவன்டோ போன்ற உள்ளூர்ப் பானங்களுக்குத் தேவை திடீரென உயர்ந்தது. தம்ஸ் அப்பை உள்நாட்டுப் பானம் என்றே எண்ணியிருந்த பலர், அதன் உரிமையாளர் யார் என்பதை அப்போதுதான் அறிந்தார்கள். காலப்போக்கில் பன்னாட்டுப் பானங்கள் கடைகளுக்குத் திரும்பின.

அவை ஏன் திரும்பின என்பதைப் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் நின்று பார்த்தால் விளங்கும். சிறிய கடைக்குக் குளிர்பெட்டி வாங்குவது பெரிய செலவு. பெரிய நிறுவனம் அதைத் தானே தருகிறது. தன் பானங்களை மட்டுமே அதில் அடுக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. உப்பங்காற்று வீசும் ஊரில் மதியம் கரை திரும்பும் மீனவர் கேட்பது குளிர்ந்த பானம். குளிர்பெட்டிக்கு வெளியே இருக்கும் பாட்டில் எவ்வளவு சுவையானதாக இருந்தாலும் அவர் கைக்குப் போகாது. கூனங்குப்பம், அரங்கம்குப்பம் போன்ற ஊர்களின் சிறு கடைகளுக்கு வாரந்தோறும் வண்டி அனுப்ப முடிந்தவரின் பானமே அங்கே கிடைக்கும்.

வரியும் சிறு நிறுவனங்களுக்குச் சுமையே. 2017 சூலை முதல் இனிப்புச் சேர்த்த வளிமப் பானங்களுக்கு 28 விழுக்காடு சரக்கு சேவை வரியும் 12 விழுக்காடு மேல்வரியும் விதிக்கப்பட்டன. 2025 செப்டம்பர் முதல் இரண்டும் சேர்ந்து ஒரே 40 விழுக்காடாக ஆயின. உலகப் பெருநிறுவனத்துக்கும் ஒரு மாவட்டத்தில் விற்கும் சோடாக் கம்பெனிக்கும் விகிதம் ஒன்றுதான்.

இந்நிலையிலும் காளிமார்க் பெயர் விற்கப்படாமல் நிறுவனர் குடும்பத்தின் கையிலேயே நூறாண்டைக் கடந்திருக்கிறது. அதனால்தான் பொவன்டோவின் கதை கோல்ட் ஸ்பாட்டின் கதையிலிருந்து வேறுபடுகிறது. அது நிற்க வேண்டுமா என்று முடிவுசெய்வதற்குப் போட்டிப் பானம் வைத்திருக்கும் உரிமையாளர் யாரும் இல்லை.

மாணவர்களுக்கு ஒரு செயல்பாடு

உங்கள் ஊர்க் கடையில் உள்ள குளிர்பானங்களின் லேபிள்களைப் படித்து ஒரு பட்டியல் தயாரியுங்கள். பானத்தின் பெயர், வணிகப் பெயருக்கு உரியவர், தயாரித்த ஆலை இருக்கும் ஊர், தயாரித்த நாள், பயன்படுத்த வேண்டிய காலம் எனத் தனித்தனிப் பத்திகளில் எழுதுங்கள். எத்தனை பெயர்கள் இருக்கின்றன, அவற்றுக்கு எத்தனை உரிமையாளர்கள் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பிறகு வீட்டிலுள்ள பெரியவர்களிடம் அவர்கள் காலத்தில் குடித்த பானங்களின் பெயர்களைக் கேட்டு, அவற்றுள் எவை இன்று பட்டியலில் இல்லை என்று குறியுங்கள். உங்கள் ஊரில் சோடாக் கம்பெனி இருந்ததா, எந்தத் தெருவில் இருந்தது, எப்போது மூடியது என்பதையும் கேட்டு எழுதி வையுங்கள். பெரும்பாலான ஊர்களில் இந்த வரலாறு இன்னும் யாராலும் எழுதப்படவில்லை.